வவுச்சர் மாமாவின் கறார்

என் அக்கா வீட்டுக்காரரை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினாலும் அப்படித்தான். அந்த மனிதர் வாழ்நாளில் அடுத்தவர் காசைத் தொட்டதில்லை. தொட்டிருந்தால் எங்களுக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது என்று நான் சொல்வேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்பிக்கொள்ளட்டும். பட்டவள் நான், பேசுகிற உரிமையாவது எனக்கு வேண்டும்.

எங்களுடையது மெத்தை செய்யும் கம்பெனி. 'எங்களுடையது' என்று இன்னும் வாய் தானாகச் சொல்கிறது பாருங்கள்! அங்கே எனக்கென்று இருந்தது ஒரு ஸ்டூலும் ஒரு கத்தரிக்கோலும்தான். கீழ்த்தளத்தில் ஃபோம் அறுப்பார்கள், உறை மாட்டுவார்கள், கடைசியில் என்னிடம் வரும். நான் ஓரம் தைக்கும் மெஷின்காரி. நாலு பக்கமும் நாடா வைத்துத் தைத்து, மூலையில் தேதியும் எண்ணும் அச்சடித்த துணி லேபிளை வைத்து ஓர் ஓட்டு ஓட்டிவிட்டால் மெத்தை முடிந்தது. மேல்தளத்தில் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, ஏசி, முதலாளி அறை, அதற்குப் பக்கத்தில் கணக்குப் பிரிவு. அந்தப் பிரிவுக்குப் பெரியவர் என் மாமா. கீழே இருந்த எங்கள் எல்லாருக்கும் அவர் பெயர் வவுச்சர்.

வவுச்சர் என்றால் செலவுச் சீட்டு. அது இல்லாமல் அவர் கையிலிருந்து காசு பெயராது. லாரி டிரைவர் வழியில் பஞ்சர் ஒட்டினேன் என்று வந்து நின்றால், "சீட்டு எங்க?" என்பார். பஞ்சர் ஒட்டினவன் சீட்டு தரவில்லை என்றால், ஒட்டின டியூபைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டச் சொல்வார். புதுத் துடைப்பம் வேண்டுமென்றால் பழைய துடைப்பத்தின் கட்டையை மேலே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். விருந்தாளிக்கு வாங்கிய டீக்குக்கூட மூன்று கையெழுத்து: டீ வாங்கினவர், கொடுத்தவர், அப்புறம் மாமா. குடித்தவரிடமும் ஒன்று வாங்கலாமே என்று டீ கொண்டுபோகும் அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கொஞ்சம் யோசித்தாராம்.

அந்தப் புத்தி அவருக்குச் சும்மா வரவில்லை. அவருடைய அப்பா சாமான் கடை வைத்திருந்தவர். எல்லாம் வாய்க்கணக்கு. வாங்கினவன் வாங்கவில்லை என்பான், கொடுத்தவன் ரெண்டு தடவை கொடுத்தேன் என்பான், அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். கடைசியில் கடையின் மரப்பலகைகளைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அதையும் எழுதி வைக்கவில்லை. அன்றிலிருந்து மகனுக்கு ஒரே மந்திரம்: எழுதாதது நடக்கவில்லை. நல்ல மந்திரம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதாதது நடக்கவில்லை என்று ஆரம்பித்தவர், போகப்போக, எழுதியதெல்லாம் நடந்தது என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தில்தான் நாங்கள் எல்லாரும் விழுந்தோம்.

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது அவர் தயவில் இல்லை. "சிபாரிசு எல்லாம் நான் பண்ண மாட்டேன்மா, தப்பா நினைச்சுக்காத" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நானாகப் போய், நானாக மெஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டிச் சேர்ந்தேன். உள்ளே வந்தபிறகு படிக்கட்டில் எதிரே பார்த்தாலும் அவர் என்னைத் தெரியாதவளைப் போலத்தான் பார்ப்பார். வீட்டில் இன்னொரு சட்டம்: ஆபீஸ் பேச்சு வீட்டுக்குள் வரக்கூடாது. அக்கா வீட்டில் சாப்பிட உட்காரும்போது நான் கம்பெனியைப் பற்றி வாயெடுத்தால் கையை உயர்த்துவார், போக்குவரத்துக் காவலர் மாதிரி. "ஒரே குடும்பத்துல ரெண்டு பேர் ஒரே எடத்துல இருக்கோம். பேசினா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா சொல்வாங்க" என்பார். மேலே நடப்பது அவருக்குத் தெரியும், கீழே நடப்பது எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்து வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். சாலையில் போய்விட்டார். அதற்கு இன்சூரன்ஸில் ஒரு தொகை வந்தது. அதைத் தொட எனக்கு மனசே வரவில்லை. மகளை நர்ஸிங் படிக்கவைக்க அதுதான் வழி என்று மட்டும் தெரிந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை. பொம்மைக்கெல்லாம் கட்டுப் போடுவாள், ஊசி குத்துவாள், அழாதே என்று அதட்டுவாள்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியில் டெபாசிட் திட்டம் வந்தது. தொழிலாளிகள் தங்கள் சேமிப்பைக் கம்பெனியில் போடலாம், பேங்கைவிட வட்டி கூட. முதலாளியே கீழே இறங்கி வந்து, மரப்பலகை அடுக்கின்மேல் ஏறி நின்று பேசினார். நல்ல பேச்சுக்காரர். தேன் ஒழுகும். "பயப்படாதீங்க. நம்ம கணக்கை யார் பாக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று மேல்தளத்தைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். "டீ குடிச்சதுக்கே மூணு கையெழுத்து கேக்குற மனுஷன், உங்க காசுக்கு எத்தனை கேப்பார்!" கைதட்டல். மாமா மேலே ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார். முகத்தில் ஒரு வெட்கம், ஒரு பெருமை. அவரை அப்படி நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

ஆனாலும் நான் கேட்டேன். ஆபீஸ் பேச்சுதான், சட்டத்தை மீறித்தான் கேட்டேன். "மாமா, எங்க வீட்டுக்காரர் பணத்தை அங்க போடலாமா?"

அவர் கையை உயர்த்தவில்லை. "கணக்கு சரியா இருக்கு" என்றார்.

அந்த மூன்று வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. போட்டேன்.

ஒவ்வொரு வருஷக் கணக்கும் முடிகிற சமயத்தில் ஆடிட்டர் வருவார். கோடவுனைப் போய்ப் பார்ப்பார். காலியாகத் துடைத்துவைத்தது போல இருக்கும். "எல்லாம் வித்துருச்சா? பேஷ்!" என்பார். மேலே வந்து மாமாவின் சீட்டுகளைப் புரட்டுவார். துடைப்பக் கட்டைக் கதையைக் கேட்டுச் சிரிப்பார். இந்தக் கம்பெனியில் சின்னச் செலவுக்கும் இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போவார். அந்த அறிக்கையைக் காட்டி முதலாளி பேங்கில் கடன் வாங்குவார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓவர்டைம்.

வருஷக் கணக்கு முடிந்த மறுவாரம் எங்களுக்கு ஓவர்டைம் உண்டு. வேலை என்னவென்றால் லேபிள் மாற்றுவது. லாரி லாரியாக மெத்தை திரும்பி வரும். ஒரு மாதிரி வாடை அடிக்கும். சிலதில் புறா இறகு ஒட்டியிருக்கும். மூடிக்கிடக்கும் சினிமா கொட்டகை ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார்களாம், முதலாளியின் மச்சான் வாடகைக்கு எடுத்தது. நாங்கள் மூலையைப் பிரித்து, பழைய லேபிளை எடுத்துவிட்டு, புதுத் தேதி போட்ட லேபிளைத் தைக்க வேண்டும். "பழைய தேதி இருந்தா கடைக்காரன் வாங்க மாட்டான்" என்றார் சூப்பர்வைசர். சரிதானே என்று நாங்களும் தைத்தோம். கூலி ஒன்றரை மடங்கு. யார் கேள்வி கேட்பார்கள்? நல்ல கம்பெனி, வேலை கொடுக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டோம். ஒரே மெத்தைக்கு மூன்று தடவை லேபிள் மாற்றியிருக்கிறேன். மூலையில் ஊசித் துளை வரிசை வரிசையாக இருக்கும், என் தையல் எனக்குத் தெரியாதா?

பிரித்த லேபிள்களைக் குப்பையில் போடுவார்கள். நல்ல கெட்டித் துணி. நான் ஒரு கைப்பிடி அள்ளி வந்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப் பிடிதுணி செய்து வைத்திருந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் அக்காவும் மாமாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த பருவத்தில் சேர வேண்டும், அதற்குள் பணம் கட்ட வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் வந்தார்கள். நான் பாத்திரத்தை இறக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அச்சடித்தது எது கண்ணில் பட்டாலும் படிக்கிற மனிதர் அவர். பொட்டலம் மடித்த தாளைக்கூட விடமாட்டார். பிடிதுணியை எடுத்தார். படித்தார். முகம் மாறியது.

"இது கம்பெனி லேபிள்."

"ஆமா."

"வீட்டுக்கு எப்படி வந்துச்சு? கேட் பாஸ் இருக்கா?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "குப்பையில கிடந்த கந்தல், மாமா! இதுக்கும் சீட்டா? திருடிட்டு வந்தேன்னு சொல்றீங்களா?"

"அதில்லம்மா. இந்த எண் போட்டதெல்லாம் போன வருஷம் வித்தாச்சு. நானே எழுதியிருக்கேன். கடைசி வாரம், மூணு கடைக்கு. லாரி சீட்டு இருக்கு, கேட் பாஸ் இருக்கு, கடைக்காரன் கையெழுத்து இருக்கு. வித்த மெத்தையோட லேபிள் உன் அடுப்படிக்கு எப்படி வரும்?"

"வித்தீங்களோ வாங்கினீங்களோ, எனக்கென்ன தெரியும்? அது வருஷா வருஷம் திரும்பி வருது. நாங்க லேபிள் மாத்துறோம். புறா எச்சத்தைத் துடைக்கிறோம். இந்த ஓவர்டைம் காசை நீங்கதானே கையெழுத்துப் போட்டுத் தர்றீங்க?"

"பழுது பார்க்கிற வேலைன்னு எழுதியிருந்துச்சு" என்றார். குரல் இறங்கிவிட்டது.

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று சொல்வார்களே, அந்தப் பூசணிக்காய் அன்று என் வீட்டுக்குள் உருண்டு வந்தது. அவர் சாப்பிடவில்லை. துணியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு லேபிளாகப் படித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இதை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு இருந்த கோபத்தில், "சீட்டு எழுதிக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றேன். கேட்டால் நம்ப மாட்டீர்கள், பேனாவைத் தேடினார்.

மறுநாள் முதலாளி அறையில் நடந்ததை டீ கொண்டுபோகும் அம்மா எனக்குச் சொன்னாள். மாமா பிறகு அக்காவிடம் சொன்னதும் அதோடு ஒத்துப்போனது. அந்த அறைச் சுவரில் 'நேர்மையே எங்கள் மூலதனம்' என்று சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே நின்றுகொண்டு மாமா பிடிதுணியை மேஜையில் வைத்தாராம்.

"இது வித்துப்போன மெத்தையோட லேபிள் சார். திரும்பி வந்ததுக்கு எனக்கு ஒரு பேப்பரும் வரல."

முதலாளி அதை எடுத்துப் புரட்டி, "நல்லா தைச்சிருக்காங்களே" என்றாராம். "திரும்பி வந்ததுக்குப் பேப்பர் வேணும், அவ்வளவுதானே? சாயங்காலத்துக்குள்ள போட்டுத் தரச் சொல்றேன்."

"பேப்பர் வேண்டாம் சார்."

மாமா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும், டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் கை நின்றுவிட்டதாம்.

"விக்கலைன்னா விக்கலைன்னு எழுதணும்" என்றார் மாமா.

"எழுதினா பேங்க்காரன் நாளைக்கே வாசல்ல நிப்பான். கீழ இருக்கிற அத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும். அந்தப் பாவம் உங்களுக்கு வேணுமா சார்?" என்றாராம் முதலாளி.

"அப்போ அந்தக் கடைங்க கட்டின பணம்? அது வந்திருக்கே. ரசீது நானே போட்டிருக்கேன்."

முதலாளி பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மாமாவே நின்ற இடத்தில் கூட்டிப் பார்த்துவிட்டார். மூன்று கடையும் முதலாளியின் மச்சானுடையவை. ஃபோம் வாங்க முன்பணம் என்று கம்பெனியிலிருந்து போன தொகையும் அதே மச்சானுக்குத்தான் போனது. அந்த முன்பணம் எங்கிருந்து வந்தது? எங்கள் டெபாசிட்டிலிருந்து. அதாவது என் புருஷன் உயிருக்கு வந்த பணம் மச்சான் கைக்குப் போய், நான் தைத்த மெத்தையை வாங்கியதாக நடித்துவிட்டு, விற்பனை என்று பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, பேங்க் வட்டிக்கும் முதலாளி காருக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் சீட்டு இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் மாமா கையெழுத்து இருந்தது.

"இதைச் செய்ய ஆயிரம் கணக்கப்பிள்ளை கிடைப்பான் சார்" என்றாராம் முதலாளி, ரொம்ப மரியாதையாக. "ஆனா உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டார். உங்க கறாரைப் பார்த்துத்தான் ஊரே என்னை நம்புது. அதைக் கெடுத்துக்காதீங்க. உங்க மச்சினி பணம் இருக்குல்ல? பாவம், புருஷன் இல்லாதவங்க. இன்னைக்கே செக் எழுதித் தர்றேன், வட்டியோட. நீங்க வழக்கம்போல பாலன்ஸ் ஷீட்ல கையெழுத்துப் போடுங்க."

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மாமா என்ன சொன்னார் தெரியுமா? "டெபாசிட்டை முன்னாடி எடுக்கணும்னா மூணு மாச நோட்டீஸ் கொடுக்கணும் சார்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தாராம். "அது நீங்க எழுதின விதிதானே!"

"ஆமா சார். அதனாலதான் சொல்றேன்."

கையெழுத்துப் போட மறுத்துவிட்டு வெளியே வந்தார். டீ ஆறுவதற்குள், பக்கத்து மேஜையில் இருந்த உதவிக் கணக்காளரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மாமா மறுத்ததற்கு ஒரு சீட்டும் இல்லை. அவர் மந்திரப்படி பார்த்தால், அது நடக்கவேயில்லை.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு படிவத்தோடு. மூன்று மாத நோட்டீஸ்.

"இதுல கையெழுத்துப் போடும்மா. நாளைக்கே கொடுத்துடறேன்."

"முதலாளி இன்னைக்கே செக் தர்றேன்னாராமே?"

"அதுக்கு விலை வேற."

"உங்க கையெழுத்துதானே விலை? இத்தனை வருஷமா சும்மாவே போட்டீங்களே, மாமா. இந்த ஒரு தடவை எனக்காகப் போட்டா என்ன? வீடு பத்தி எரியுது, நீங்க தண்ணிக்குச் சீட்டு எழுதிட்டு நிக்கிறீங்க!"

அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "இருக்கிறது கொஞ்சந்தான்மா. உனக்கு முன்னாடி எடுத்துக் கொடுத்தா, அது உன் பக்கத்து மெஷின்காரி பணம். இத்தனை நாளும் தெரியாம போட்டேன். இனிமே தெரிஞ்சு போட முடியாது."

இப்போது ஆற அமர யோசித்தால் அவர் சொன்னது நியாயம்தான். நியாயம் என்பதற்காகக் காலேஜ்காரர்கள் என் மகளைப் பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்ளவில்லை. அன்று நான் அவரை வாசல் வரைகூட அனுப்பிவைக்கவில்லை. படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் ஆடிட்டருக்கு எழுதினார். முறைப்படி, பதிவுத் தபாலில். தங்களுக்குத் தேவையான ஆவணங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று பதில் வந்தது. பேங்குக்குப் போய்ச் சொன்னார். "நீங்க பாத்த கணக்குலயே தப்புன்னு சொல்றீங்களா?" என்று சிரித்து, தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து மெஷின்காரியிடமும் உறை மாட்டுகிற அண்ணனிடமும் சொன்னேன், போட்ட பணத்தைக் கேளுங்கள் என்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். "வவுச்சர் மேல உக்காந்திருக்கும்போது கணக்குல தப்பா? உனக்கும் உங்க மாமாவுக்கும் ஏதாவது சண்டையா?" என்றாள் அவள். தன்னைச் சுற்றி அவர் கட்டிய நல்ல பெயர் எவ்வளவு கெட்டியாக இருந்தது பாருங்கள், அவரே வந்து இடித்தாலும் இடியவில்லை.

வேலையை விட்டுவிடச் சொல்லி அக்கா அழுதாள். அவர் விடவில்லை. தான் வெளியே போனால் அந்த நோட்டீஸை யார் பார்ப்பார்கள் என்றார். தினமும் மேலே போய் உட்கார்ந்து, டீக்கும் துடைப்பத்துக்கும் சீட்டு சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கணக்கு எதுவும் அவர் மேஜைக்கு வருவதில்லை. அந்த வருஷ விழாவில் முதலாளி அவருக்கு நேர்மைக்கான கேடயம் ஒன்று கொடுத்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். நானும்தான், வேறு என்ன செய்வது?

நோட்டீஸ் முடியப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, காலையில் வேலைக்குப் போனால் கேட்டில் புதுப் பூட்டு. பேங்க் வைத்த சீல். முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போய் ஒரு வாரமாம். மச்சானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெயிலில் நின்றவர்களுக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டும். இல்லாத முதலாளியை எப்படித் திட்டுவது? இருக்கிற வவுச்சர் வீட்டுக்குப் போனார்கள்.

நான் போவதற்குள் அக்கா வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. வாசல் கதவில் யாரோ கம்பெனி செலவுச் சீட்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள், முறையாக நிரப்பி. பெற்றது: எங்கள் சேமிப்பு. கொடுத்தது: பட்டை நாமம். கையெழுத்து: வவுச்சர். உறை மாட்டுகிற அண்ணனின் எழுத்து அது. அவருக்கு மூன்று பெண்கள்.

மாமா வெளியே வந்து அதைப் படித்தார். அவர் ஏதாவது சொல்லுவார், கடைசிக் கணக்கில் கையெழுத்துப் போடவில்லை என்றாவது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். "நான்தான் போட்டேன்" என்றார். "எல்லாத்துலயும் என் கையெழுத்துதான் இருக்கு." அதற்குமேல் கூட்டத்துக்கு என்ன வேண்டும்? ஒரு செருப்பு வந்து அவர் தோளில் விழுந்தது. என் பக்கத்து மெஷின்காரியின் செருப்பு. மறுத்துக் கையெழுத்துப் போடாத ஒரு நாளை அவர் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "அதுக்கு ஆதாரம் இல்லையேம்மா" என்றார்.

என் மகளுக்குக் கிடைத்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். யாருக்காவது கை வெட்டுப்பட்டால் மட்டும் ஓடிவந்து கட்டுப் போட்டுவிட்டு மறுபடி பில் போடப் போகிறாளாம். கடை முதலாளி சொன்னார், பெருமையாக.

கம்பெனியை முடித்துவைக்க அரசாங்கம் ஓர் அதிகாரியைப் போட்டது. பணம் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது மெத்தை. சினிமா கொட்டகையில் இருந்ததையெல்லாம் டெபாசிட் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவானது. என் பங்கு ஒரு சின்ன லாரியில் வந்தது. வீட்டுக்குள் அடுக்கினால் கூரையைத் தொட்டது. அடுப்படிக்குப் பக்கவாட்டில் நுழைந்து போகவேண்டியிருந்தது. விற்கலாம் என்றால் வாங்க ஆள் வேண்டுமே. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மெத்தை வாசலில் நின்றது, தூக்கம்தான் ஒருவருக்கும் இல்லை. மேலே இருந்ததன் மூலையைப் பார்த்தேன். துளை வரிசை மூன்று. நான் போட்ட தையல்.

அன்று சாயங்காலம் மாமாவும் அக்காவும் வந்தார்கள். அவருக்கு எங்கும் வேலை இல்லை. சட்டை தோளில் தொங்கியது. மெத்தைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "எதுலயாவது கையெழுத்துப் போட்டியாம்மா?"

போட்டிருந்தேன். லாரிக்காரன் அவசரப்படுத்தினான், போட்டேன். நகலை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்காக வாசல்படியில் நின்று, மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். மெத்தைக்குக் கம்பெனி போட்ட விற்பனை விலை. அதை எண்ணிக்கையால் பெருக்கிய தொகை. என் டெபாசிட். அதற்கு வட்டி. இரண்டு பக்கமும் சமம். பாக்கி ஏதுமில்லை, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை எதுவும் இல்லை. கீழே என் பெயர், என் கையெழுத்து.

கூட்டிப் பார்த்தார். உதடு அசைந்தது. மறுபடி கூட்டினார். வாழ்நாள் முழுக்க அதையே செய்த மனிதருக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. படித்து முடித்ததும், பழக்கத்தில்தான், வேண்டுமென்று இல்லை, தாளை நாலாக மடித்துக்கொண்டே சொன்னார்.

"கணக்கு சரியா இருக்கு."

சொன்னபிறகுதான் அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மடித்த தாளோடு அப்படியே நின்றார். என் மகள் கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய்வரை வந்தது, நல்லதாக ஒன்றும் இல்லை.

"ஏங்க," என்றாள் அக்கா, "வாயை மூடுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அக்கா அவர் பின்னால் போகவில்லை. என்னோடு சேர்ந்து அந்த மெத்தைகளை நகர்த்தி, அடுப்படிக்குப் போக வழி செய்தாள்.